சுறாவுக்கு ரத்தம் தேடிய நாள்

கால்வாய்க் கரையில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போய்க்கொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. உள்ளே இடுப்பில் கட்ட இரண்டு சாரம், மூன்று சட்டை, சவரப் பெட்டி. ஏழு மாதம் தங்கி வேலை செய்த இடத்தை விட்டு வருகிறவனின் மொத்தச் சாமானும் அதுதான்.

பங்குனி வெயில் எட்டு மணிக்கே முதுகில் ஏறியிருந்தது. கால்வாயை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. தண்ணீரில் ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் வாடை. சட்டைப்பையில் கைபேசி அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. கில்பர்ட் அண்ணன்தான். எடுக்கவில்லை. அவருடைய நாய்ப் பண்ணையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தேன்.

அன்று விடிந்ததும் அதே கைபேசியில் பிலோமி கூப்பிட்டிருந்தாள். கடற்கரை ஊரில் மீன் விற்கிறவள். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் பண்ணையில் நாய் வாங்கியவள்.

"ராசண்ணே, சுறா ரெண்டு நாளாட்டு ஒண்ணும் தின்ன மாட்டங்கு. இண்ணைக்கு எழும்பவே இல்ல. மூத்திரம் கட்டன்சாயா போல போவுது. என்ன செய்யதுக்கு?"

பால் விடாத தேநீரின் அந்த நிறத்தைக் கொஞ்ச நாளுக்குள் மூன்று தடவை பண்ணையின் சிமெண்ட் தரையில் பார்த்திருந்தேன். மூன்று தடவையும் இரண்டு நாளில் நான்தான் குழி வெட்டினேன்.

கில்பர்ட் அண்ணனிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் துப்பிவிட்டுக் கேட்டார்.

"நீ ஒண்ணும் சொல்லல்லியே?"

"இல்ல."

"சொல்லாத. அவ கண்டதத் தின்னக் குடுத்திருப்பா. இஞ்சேருந்து போகும்ப நல்லாத்தானே போச்சு? இனி கூப்பிட்டா எடுக்காத."

"டாக்டர்ட்ட கொண்டு போகச் சொல்லட்டா அண்ணே?"

"டாக்டர் முதல்ல என்ன கேப்பான்? எங்கேருந்து வாங்கினேன்னு கேப்பான். மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. அறைக்குப் போய்த் துணியைப் பையில் திணித்தேன்.

பூசாத சுவர்

கில்பர்ட் அண்ணனைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகக் கொதிக்கும் மொட்டை மாடிகளில் ஏறி இறங்கியவர். திரும்பி வந்து, தேங்காய்ப்பட்டணத்துக்கு வடக்கே தென்னந்தோப்புக்குள் அந்தப் பண்ணையைக் கட்டினார். பதினொரு நாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தட்டு, ஒரு மின்விசிறி.

சுவர் முழுக்க வெட்டுக்கல். பூசவே கூடாது என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேற்குப் பக்கத்துப் புது வீடுகளில் இப்போது அதுதான் மோஸ்தர். செக்கச் சிவந்த கல். கல் முழுக்க விரல் நுனி போகிற மாதிரி பொத்தல்கள். நாய் வாங்க வருகிறவர்கள் நாயைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் படம் எடுப்பார்கள். கில்பர்ட் அண்ணன் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

நான் ஐஸ் ஆலையை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வந்த கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் படித்துவிட்டு, "நீர் ஒரு வேலையிலாவது நின்றதுண்டா?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். ஏழாம் வகுப்பில் பாதியிலேயே எழுந்து போனவனிடம் கேட்கிற கேள்வியா அது? ரப்பர் பால் வெட்டினேன், செங்கல் சுமந்தேன், ஐஸ் உடைத்தேன், பந்தல் கட்டினேன். எந்த இடத்திலும் ஒரு நாள் காலையில் கால் தானாக வாசலைத் தாண்டிவிடும். நாய்ப் பண்ணையில் ஏழு மாதம் நின்றதே எனக்கு அதிகம். நாய்கள் என்னிடம் ஒன்றும் கேட்காததால் நின்றேன் என்று நினைக்கிறேன்.

உண்ணி இல்லாத நாய் எங்கே இருக்கிறது? அப்படித்தான் நானும் நினைத்தேன். காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் ஆமணக்கு விதை போல ஊதித் தொங்கும். பிடுங்கிப் பிடுங்கி என் நகக்கண் கறுத்துப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு நாய்களை இரண்டிரண்டாகக் கடலுக்குக் கொண்டுபோவேன். எங்கள் கரையில் சொறிக்கும் சிரங்குக்கும் திருக்கை முள் குத்திய காலுக்கும் முதல் வைத்தியம் கடல் தண்ணீர்தான். உப்பில் எந்தப் பூச்சி பிழைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அலையில் முக்கியெடுத்த நாய்களை ஆட்டோ நிற்கும் பாதாம் மரத்தடியில் கட்டி உலர விடுவேன். சீப்பால் வாரினால் உண்ணிகள் மணலில் உதிரும். அவை செத்தவையா உயிரோடிருப்பவையா என்று நான் குனிந்து பார்த்ததில்லை.

முதலில் போனது ஒரு பெண் ராட்வீலர். காலையில் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மறுநாள் ஈறைத் திறந்து பார்த்தேன். வெளுத்த துணி போல இருந்தது. பாம்பு கடித்திருக்கும் என்றார் கில்பர்ட் அண்ணன். இரண்டாவது போனதும் பக்கத்துத் தோப்புக்காரன் விஷம் வைத்தான் என்றார். மூன்றாவதற்கு ஆள் வைத்துக் கயிறு மந்திரித்துக் கட்டினார். மருத்துவரிடம் மட்டும் கொண்டுபோகவில்லை. பண்ணைக்கு நோய் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் பிறகு யாரும் வாசலில் வண்டியை நிறுத்த மாட்டார்கள் என்ற பயம்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மீன்காரிக்கு முன்னால் ஒரு நாய்

பிலோமிக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் ஆழ்கடல் படகில் போகிறவன். போனால் மாதத்துக்கு மேல் கரை காண மாட்டான், போனும் கிடைக்காது. அவள் துறைமுகத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்து, முன்சிறைப் பக்கம் கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் வீடு வீடாக நடந்து விற்கிறவள். போக வர நாலைந்து மணி நேர நடை.

மீன் சருவம் போகிற வழியெல்லாம் தெருநாய்களுக்குத் தெரியும். அவள் நாயை வாங்குவதற்குச் சில மாதம் முன்பு, பூட்டிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்து வளைவில் ஐந்தாறு நாய்கள் சேர்ந்து சுற்றிக்கொண்டன. சருவத்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதானே என்று சொல்லலாம். அவள் போடவில்லை. கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் சதையோடு பிடுங்கிவிட்டன. ஊசிகள் எல்லாம் போட்டு முடிந்த பிறகும் அவளால் அந்த வழி நடக்க முடியவில்லை. சருவத்தைத் தலையில் வைத்ததும் கால் மரத்துப்போகும் என்றாள்.

"ஒரு பெரிய நாயி முன்னால நடந்தா மத்த பட்டி நாயெல்லாம் விலகும்னு சொல்லுதாவ. அப்பிடி ஒண்ணு வேணும் அண்ணே. நோய் நொடி வல்லதும் உண்டா?"

அவள் கேட்ட அன்று ராட்வீலரைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மண்வெட்டியில் அந்த மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஒரு குறையும் இல்ல" என்றேன்.

கறுப்பு நிறம், அகன்ற மார்பு, லாப்ரடார் கலப்பு. அவள்தான் சுறா என்று பெயர் வைத்தாள்.

புது வீட்டுக்குப் போகிற நாய் அழாமல் இருக்க, அது படுத்த சாக்கையும் கூடவே கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். தன் வாடை இருந்தால் சீக்கிரம் இடத்தோடு ஒட்டும் என்பார்கள். கில்பர்ட் அண்ணன் புது மெத்தை ஒன்றைக் கொடுக்கச் சொன்னார். நான்தான் வேண்டாமென்று, சுவரோரம் கிடந்த அதன் சாக்கை உருட்டிக் கயிறு கட்டிக் கொடுத்தேன். நல்லது செய்த நினைப்பு எனக்கு.

இரண்டாம் வாரமே சுறா அவளுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டது. அது குரைப்பதுகூட இல்லையாம். வளைவில் நின்று பார்க்குமாம். மற்ற நாய்கள் எழுந்து போய்விடுமாம். விட்டுப்போன வாடிக்கை வீடுகளெல்லாம் திரும்பக் கிடைத்தன என்று போன் செய்து சொன்னாள். அப்போது பண்ணையில் நான் இரண்டாவது குழியை வெட்டி முடித்திருந்தேன்.

சட்டைக் காலர்

நான் போய்ச் சேர்ந்தபோது பிலோமி வாசலிலேயே நின்றாள்.

"வாரும். இப்பந்தான் வழி தெரிஞ்சுதா? விடியும்பமே கூப்பிட்டேன்!"

தகரச் சாய்ப்பின் கீழ், அந்தச் சாக்கின் மேல் சுறா கிடந்தது. என் குரலைக் கேட்டு வால் ஒரு தடவை தரையில் தட்டியது. அதோடு சரி. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது.

"பிலோமி, இதே போல அங்க மூணு நாயி செத்துது."

"எப்பம்?"

"ஒண்ணு நீ வாங்குகதுக்கு முன்னாலயே."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எனக்க முகத்தப் பாத்துல்லா சொன்னீரு, குறையில்லேன்னு."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், என் கழுத்தையே பார்த்தாள்.

"அனங்காம நில்லும்."

கிட்டே வந்து என் காலரிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். எள்ளளவு, தவிட்டு நிறம், எட்டுக் கால். ஊர்ந்துகொண்டிருந்தது.

"கொள்ளாம். ஆளு சும்மா வரல்ல. கூட்டத்தோட வந்திருக்காரு. கழத்தும் சட்டைய!"

என் பையும் சட்டையும் சாரமும் முற்றத்தில் கொதித்த தண்ணீருக்குள் போயின. அவள் புருஷனின் அர்ஜென்டினா கால்பந்துப் பனியனையும் அரைக்கால் சட்டையையும் எறிந்தாள். நான் மெலிந்தவன், அவன் கடலில் வலை இழுக்கிறவன். பனியன் என் முழங்கால் வரை தொங்கியது.

பக்கத்து ஆட்டோக்காரன் அந்தோணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதுல நோயாளி ஆரு? நாயா, இந்த மெஸ்ஸியா?"

"வாய மூடிட்டு வண்டிய எடுலே" என்றாள் பிலோமி.

சுறாவைக் கையில் தூக்கினேன். அத்தனை பெரிய நாய், ஈரத் துணி மூட்டை போலத் தொய்ந்து கிடந்தது. வழியெல்லாம் அதன் மூச்சு என் முழங்கையில் சுடச்சுடப் பட்டது, வேகமாக, மேலோட்டமாக. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் கொஞ்சம் தாமதமானால் பிலோமி என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், இருக்கிறது என்று.

கண்ணாடித் தகடு

கருங்கல் என்ற ஊரில் ஒரு பெண் மருத்துவர் தனியாக நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று அந்தோணிக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதுக்காரர். ஒன்றும் பேசாமல் ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காது மடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்தார். சாயம் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிலோமியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"வட்டம் வட்டமா இருக்கிறது சிவப்பு அணு. சிலதுக்குள்ள ரெண்டு ரெண்டா, கண்ணீர்த் துளி மாதிரி ஊதா நிறத்துல தெரியுதா?"

"தெரியுது. நெத்தோலிக் குஞ்சு ரெண்டு ஒட்டிக் கெடக்கது போல."

"அதுதாம்மா நோய். உண்ணி கடிக்கும்போது ரத்தத்துக்குள்ள போயிடும். அணுவுக்குள்ளயே பெருகி, அதை உடைச்சுட்டு வெளிய வந்து, அடுத்ததுக்குள்ள போகும். உடைஞ்ச ரத்தம்தான் மூத்திரத்துல போகுது."

"மருந்து உண்டா டாக்டரே?"

"உண்டு. இப்பவே ஊசி போடறேன். ஆனா மருந்து வேலை செய்யற வரைக்கும் இவன் தாங்கணும். உடம்புல ரத்தமே இல்ல. சாயங்காலத்துக்குள்ள வேற நாய் ரத்தம் ஏத்தினாதான் உண்டு."

அந்தோணி நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்க மணி இருக்கான். நல்ல தடிச்ச நாயி. இப்பக் கொண்டு வாறேன்."

முக்கால் மணி நேரத்தில் மணியோடு வந்தான். கொழுத்த நாட்டு நாய், கண்ணெல்லாம் தெளிவு. மருத்துவர் அதன் ரத்தத்தையும் தகட்டில் இழுத்துப் பார்த்தார். பார்த்தவர் தலையை நிமிர்த்த நேரமானது.

"இவன் ரத்தம் வேண்டாம். இவனுக்கும் இருக்கு. இது வேற கிருமி, வெள்ளை அணுவுக்குள்ள இருக்கு."

"மணிக்கா? அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லியே!"

"சில நாய்க்கு மாசக்கணக்குல வெளிய தெரியாது. இதுவும் உண்ணி குடுத்ததுதான். எங்க படுப்பான்?"

"ஸ்டாண்டுல. பாதாம் மரத்து மூட்டுல."

சொல்லிவிட்டு அந்தோணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நாய்களைக் கட்டும்போது அங்கே பீடி குடித்துக்கொண்டு கேலி பேசுகிறவன்தான் அவன். அன்று கேலி ஒன்றும் வரவில்லை.

"கடல்ல முக்கினா சாகாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் உயிரோட கிடக்கும். அது மட்டுமில்ல, நாய் மேல நீங்க பாக்கறது கொஞ்சம்தான். ரத்தம் குடிச்சு ஊதினதும் கீழ விழுந்து, சுவர்ல ஏறி, ஓட்டைக்குள்ள போய் முட்டை போடும். ஒண்ணே ஆயிரக்கணக்குல போடும். பண்ணையில என்ன சுவர்?"

"வெட்டுக்கல்."

"பூசினதா?"

"பூசாதது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கேருந்து வேற ஏதாவது இவங்க வீட்டுக்கு வந்துதா?"

பிலோமி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "சாக்கு வந்துது."

மணிக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். சுறா மேசையில் கிடந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது, அதுவும் வெள்ளை. நேரம் பதினொன்றரை.

"பெரிய நாயா இருக்கணும். உண்ணிக்கு ஒளிய இடமே இல்லாத இடத்துல வளர்ற நாயா இருந்தா நல்லது" என்றார் மருத்துவர். "இந்தக் கரையில அப்படி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். அந்தோணியிடம் ஐஸ் ஆலைக்கு வண்டியை விடச் சொன்னேன்.

மந்திரி

ஐஸ் ஆலையில் தரை முழுக்க வழுவழு சிமெண்ட். சுவர் தகரம். இருபத்துநாலு மணி நேரமும் உப்புத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்கும். நாளுக்கு இரண்டு தடவை குழாய் வைத்து அடித்துக் கழுவுவார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே மீன் தலை தின்று கன்றுக்குட்டி போல வளர்ந்த நாய் ஒன்று உண்டு. மேஸ்திரி மரியதாஸ் அண்ணனின் நாற்காலிக்கடியிலேயே இருப்பதால் மந்திரி என்று பெயர்.

மரியதாஸ் அண்ணனிடம்தான் நான் சொல்லாமல் ஓடி வந்தது. ஐஸ் கட்டிகளைப் பொடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, எட்டுப் படகு வரிசையில் நின்றபோது.

நான் உள்ளே நுழைந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. சுற்றி நின்ற ஆட்களைக் கூப்பிட்டார்.

"லேய், ஓடி வாங்க. நம்ம ராசு வந்திருக்கான். மெஷின் ஓடும்ப மூத்திரம் ஒழிக்கப் போனவன். ஒண்ணர வருசமாச்சு. முடிஞ்சுதா மக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அர்ஜென்டினா பனியனோடு நின்றேன். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

"அண்ணே, மந்திரிக்க ரத்தம் வேணும்."

சிரிப்பு நின்றது. முழுக்கச் சொன்னேன், சுவர், சாக்கு, பாதாம் மரம், பிலோமி, மணி, எல்லாம். அவர் குனிந்து நாயின் காதைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ரத்தம் எடுத்தா இவனுக்கு வல்லதும் ஆகுமா?"

"டாக்டர் சொன்னாவ, கொஞ்சம் போலத்தான்…"

"டாக்டர் சொன்னது கெடக்கட்டு. நீ என்ன சொல்லுதே?"

ஒரு குறையும் வராது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன் அதே வாயால் அதையேதான் சொல்லியிருந்தேன்.

"எனக்குத் தெரியாது அண்ணே."

அவர் நாயின் காதிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தார்.

"பிலோமிக்க நாயின்னா, அந்தக் கறுப்பனா? ஏலத்துல மீன் குமிஞ்சு கெடந்தாலும் வாய வைக்காம நிக்குமே?"

"அதுதான்."

எழுந்து சட்டையைப் போட்டார். "வண்டியில எனக்கும் இடம் வேணும். தலைய நாந்தான் பிடிப்பேன். வேற ஒருத்தன் கை வெச்சா கடிச்சிருவான், நானும் கடிச்சிருவேன்."

மந்திரியின் தகட்டை மருத்துவர் பார்த்தபோது நாங்கள் நால்வரும் மூச்சு விடாமல் நின்றோம். ஒரு தகடு. பிறகு இன்னொன்று. இரண்டாவது எதற்கு என்று பிலோமி கண்ணால் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றார்.

பிறகு சுறாவின் ரத்தத்தில் ஒரு துளியையும் மந்திரியின் ரத்தத்தில் ஒரு துளியையும் கலந்து பார்த்தார். கட்டி தட்டவில்லை; சேரும் என்றார். மந்திரியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கழுத்து மயிரைச் சிரைத்தார். முப்பது ஆட்களை ஒரே சத்தத்தில் ஓட வைக்கிற மரியதாஸ் அண்ணன், நாயின் காதுக்குள் என்னவோ கொஞ்சிக்கொண்டே இருந்தார். பை மெல்ல நிறைந்தது. கறுஞ்சிவப்பு. அவ்வளவு சிவப்பான ஒன்றை அன்று முழுக்க நான் பார்த்திருக்கவில்லை.

சுறாவின் முன்னங்காலில் ஏற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு வெடவெடவென்று உதறியது. மருத்துவர் பாய்ந்து வந்து குழாயைத் திருகி நிறுத்தினார். காதை வைத்து நெஞ்சைக் கேட்டார். ஓர் ஊசி போட்டார். எங்களை வெளியே போகச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. பிலோமி ஜெபமாலையை எடுத்தாள். உதறல் அடங்கியதும் குழாயை மறுபடி கொஞ்சம் திறந்தார். ஒரு சொட்டு விழுந்தது. எண்ணலாம் போல நேரம் விட்டு இன்னொன்று. பிலோமியின் விரலில் மணிகள் அந்தச் சொட்டுகளுக்குத் தக்கபடி நகர்ந்தன.

நாலு மணிக்கு மருத்துவர் சுறாவின் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடத்தில் இளஞ்சிவப்பு மெல்லத் திரும்பி வந்தது.

"இங்கேயே இருக்கட்டும். மூணு நாள் தாண்டணும், அப்பதான் நான் வாயத் திறப்பேன். தாண்டினாலும் ஒரு மாசம் ஓட்டம், நடை, வெயில் ஒண்ணும் கூடாது."

"ஒரு மாசமா?" என்றாள் பிலோமி. அவள் கை தானாகக் கெண்டைக்காலைத் தொட்டது.

சாக்கு

ஆட்டோவில் திரும்பும்போது கில்பர்ட் அண்ணனை நானே கூப்பிட்டேன். மீதி நாய்களுக்கெல்லாம் ரத்தம் பார்க்க வேண்டும், மருந்து வேண்டும், சுவரின் ஓட்டையெல்லாம் அடைத்துப் பூச வேண்டும் என்றேன். திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"பூசினா சுவருக்க அழகு போயிருமேலே" என்றார். அழுகிற குரல் அது. மருத்துவரின் எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொண்டாரா தெரியாது. வைத்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் சாக்கைக் கடற்கரையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். சாக்கு எரியும் சத்தத்துக்குள் கடுகு வெடிப்பது போலப் பொட்டுப் பொட்டென்று கேட்டது. பிலோமி கையைக் கட்டிக்கொண்டு கடைசிப் பொட்டு வரைக்கும் நின்று கேட்டாள்.

சாய்ப்பின் சுவர் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றி, சிமெண்ட் குழைத்து அடைத்தேன். முடித்துக் கை கழுவும்போது அவள் கேட்டாள்.

"நாளைக்கு எங்க போறீரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா சௌகரியமாப் போச்சு. சாளை மீனு நல்லா கெடைக்குதாம். நான் போணும். ஒரு கம்பு வெட்டி வையும்."

"எதுக்கு?"

"சுறா குரைக்க மாட்டான். நீரும் குரைக்க வேண்டாம். முன்னால நடந்தாப் போதும்."

மறுநாள் காலை, துறைமுகத்தில் மீன் எடுத்துக் கிளம்பும்போது அந்தோணி எதிரே வந்தான். கருங்கல்லுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம். சுறா கண் திறந்து பார்த்தது, ஒரு வாய் தண்ணீர் குடித்தது, எழவில்லை என்றான். பிலோமி சருவத்தைத் தலையில் ஏற்றினாள். கால் கொஞ்சம் தயங்கியது. பிறகு அடி எடுத்து வைத்தாள்.

நான் பத்தடி முன்னால் நடந்தேன். முதல் வீட்டில் ஓர் அம்மா தட்டை நீட்டிக்கொண்டு கேட்டார், "சுறா எங்கட்டி?"

"அவனுக்கு லீவு. பகரம் ஆளு வந்திருக்கு" என்றாள் பிலோமி.

பள்ளிக்கூடத்து வளைவில் நாலு நாய்கள் எழுந்து நின்றன. ஒன்று பல்லைக் காட்டியது. கம்பைக் குறுக்கே பிடித்தேன். கால் என் பழக்கப்படி எட்டி எட்டி வைத்தது.

"வோய், ஓடாதயும்" என்றாள் பின்னாலிருந்து. "அவன் இந்த எடத்துல நிப்பான்."

நின்றேன்.